இல்லாத தம்பிக்கு மூன்று நாள் லீவு

பீல் நகரத்து முதியோர் இல்லத்தில்
படுக்கை விரிப்புத் தோய்க்கிறவன் நான்.
பேர்ன் பத்திரிகைக்காரன் ரேத்தோ ஆம்பூல்
என்னோடு நாற்பது நிமிஷம் கதைத்தான்.
கோப்பிக்கு அவன்தான் காசு குடுத்தான்.
கேட்டதெல்லாம் மெஷினைப் பற்றி:
எத்தனை கிலோ, எத்தனை டிகிரி,
இரத்தக்கறைக்கு என்ன செய்வீர்கள்.
என் அரைகுறை டொச்சில்
தெரிந்ததைச் சொன்னேன்.

ஞாயிறு இணைப்பில் ஐந்து பக்கம்.
அதில் நான் தடக்காமல் டொச் கதைத்தேன்.
நாலாம் பக்கத்தில் எனக்கொரு தம்பி இருந்தான்.
பெயர் ரவி. வயது பத்தொன்பது.
லிபியாவுக்கு அப்பால் படகு கவிழ்ந்து
நீல ஜாக்கெட்டோடு தாண்டு போனவன்.
ஒவ்வொரு வெள்ளை விரிப்பை உதறும்போதும்
அவனை மூடுகிறேன் என்று நினைப்பேனாம்.

எனக்கு இரண்டு அக்காமார். அதோடு சரி.
நான் வந்தது கொழும்பிலிருந்து பிளேனில்,
ஜன்னலோரம், கோழிச்சோறு சாப்பிட்டபடி.

வாசித்து முடித்த மகள் கேட்டாள்:
"எனக்கொரு சித்தப்பா இருந்தவரோ?"
ஓம் என்றும் சொல்லவில்லை
இல்லை என்றும் சொல்லவில்லை.
புட்டு ஆறுது, சாப்பிடு என்றேன்.

திங்கள் காலை மேலாளர் அம்மா
கண் கலங்கி மூன்று நாள் லீவு தந்தா,
சம்பளத்தோடு.
எடுத்தேன்.
அதைத்தான் இங்கே முதலில் எழுதியிருக்க வேண்டும்.
மூன்று நாளும் நல்ல வெயில்.
ஏரிப் படகில் ட்வான் வரைக்கும் போய் வந்தேன்.

கடைக்கார சிவகடாட்சம்
முருங்கைக்காய்க்குக் காசு வாங்கவில்லை.
யாரோ கோயிலில் மோட்ச அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டார்கள்.
ஐயர் தட்டோடு திரும்பி
"என்ன திதி?" என்றார்.
பின்னால் முப்பது பேர்.
தேய்பிறைத் துவாதசி என்றேன்.
ஆம்பூல் பெற்ற பிள்ளைக்கு
நாள் குறித்தவன் நான்.

சூரிச்சில் அந்தக் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது.
நடுவர்கள் எழுந்து நின்று
விரிப்பு வரியை வாசித்தார்களாம்.

பிறகு மாசி மாதத்தில்
ஆவணப் பிரிவில் ஒரு பெட்டை
மூன்று கட்டுரைகளில் மூன்று பிணங்கள்
ஒரே நீல ஜாக்கெட் போட்டிருப்பதைக் கண்டாள்.

முதற்பக்கத்தில் ஆசிரியர் எழுதினார்:
"நாங்கள் ஏமாற்றப்பட்டோம்."
ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம்.
நூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை.
ஏரி பார்த்த ஹோட்டலில் ஒருநாள் கருத்தரங்கு,
தலைப்பு நம்பிக்கை, மதியத்துக்கு மீன்.
ஆம்பூலுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள்.
என் கட்டுரைக்கு மேல் சாம்பல் நிறப் பெட்டி:
சில பகுதிகள் சரிபார்க்க முடியாதவை.

சரிபார்க்க முடியாத பகுதிக்கு
ஒரு பின்னேரம் போன் வந்தது.
வக்கீல். மரியாதையான குரல்.
தம்பி இருந்தாரா? இல்லை.
அப்படியென்றால் ஏன் எங்களுக்கு அறிவிக்கவில்லை?

மெஷின் கடைசிச் சுற்றில் இரைந்துகொண்டிருந்தது.
கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.
கேட்டது.

நட்டஈடாக ஆறு மாதச் சந்தா இலவசம்.
காலையில் தபால் பெட்டியில்
அது எனக்கு முதல் எழும்பி நிற்கிறது.
சிவகடாட்சம் இப்போது காசு வாங்குகிறார்,
சில்லறையைக் கையில் தராமல் மேசையில் வைக்கிறார்.

ஒன்றை யாரும் ஆணையத்தில் கேட்கவில்லை.
நேற்று எட்டாம் நம்பர் அறை விரிப்பை
இரண்டு முனையும் பிடித்து உதறினேன்.
அது காற்றில் நின்று, மெல்ல இறங்கும்போது
பத்தொன்பது வயதில் ஒருவன்
கீழே படுத்திருந்தான்.
கலண்டரைப் பார்த்தேன். துவாதசி.

வாசகர் கடிதத்துக்கு இருநூறு சொல் தருகிறார்கள்.
எனக்கு அவ்வளவு தேவையில்லை.
அன்றைக்கு நான் சொன்னதில்
அவன் எழுதாமல் விட்டது ஒன்றுதான்:
இரத்தக்கறையில் சுடுதண்ணீர் ஊற்றக்கூடாது.
ஊற்றினால் நூலோடு வெந்து நிரந்தரமாகும்.
பச்சைத் தண்ணீர்.
முதலில் பச்சைத் தண்ணீர்.